மாயவரத்து ஓட்டு வீடு: ஒரே மராமத்தை இரண்டு முறை பார்த்த கணக்கு

மாயவரம் என்கிற மயிலாடுதுறையில் மூன்று குடித்தனம் இருக்கும் ஒரு பழைய வீட்டை 2021 பிப்ரவரியில் வாங்கினேன். வாங்கிய வருடமே மராமத்து பார்த்தேன். அடுத்த வருடம் அதில் பாதியை உடைத்துப் போட்டுவிட்டு மறுபடியும் பார்த்தேன். வாடகைக்கு விடப் பழைய வீடு வாங்கலாமா என்று இதுவரை நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, அதனால் கணக்கோடு எழுதி வைக்கிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் இருப்பது, கொஞ்சம் முழு எண்ணாக்கி இருக்கிறேன்.

நான் இருப்பது கும்பகோணத்தில். வீடு இருப்பது அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்தத் தூரமும் கதையில் ஒரு பாத்திரம்தான், பின்னால் வரும்.

ஏன் மாயவரம் என்றால், நாகப்பட்டினத்திலிருந்து பிரித்து 2020 டிசம்பர் 28-ல் அதைத் தனி மாவட்டமாக்கினார்கள், தமிழ்நாட்டின் 38-வது மாவட்டம். மாவட்டத் தலைநகர் என்றால் ஆபீஸ் வரும், ஆபீஸ் வந்தால் மாற்றலாகி வருகிறவர்கள் வருவார்கள், அவர்களுக்கு வீடு வேண்டும். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. இதே ஆராய்ச்சியை ஊரில் எல்லோரும் பண்ணியிருந்தார்கள் என்பது விலை பேசும்போதுதான் தெரிந்தது.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு வீடுகளைப் பார்த்து வேண்டாமென்று விட்டேன். இரண்டும் பார்க்க நன்றாக இருந்தன, விலையும் பக்கத்து வீட்டில் பாதி. காரணம், மனை கோயிலுடையது. டெல்டா ஊர்களில் இது சகஜம்: கட்டடம் ஒருவருடையது, அது நிற்கிற மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம், மாதாமாதமோ வருடத்துக்கொரு முறையோ மனை வாடகை கட்ட வேண்டும். விற்கிறவர் "தலைமுறை தலைமுறையா இருக்கோம், ஒண்ணும் ஆகாது" என்பார். அவருக்கு ஆகாது, சரி. ஆனால் கோயில் நிலத்தை அனுமதி இல்லாமல் கை மாற்றும் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டத்திலேயே 22-ஏ என்று ஒரு பிரிவு தமிழ்நாட்டில் இருக்கிறது. குடியிருக்க வாங்குகிறவர் எப்படியோ சமாளிக்கலாம், நாளைக்கு விற்று வெளியே வரவேண்டிய ஆளுக்கு அது சரிப்படாது. பட்டா மனையாக மூன்றாவது கிடைத்தது, 36 லட்சம். அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம், பத்திரப் பதிவுக்காக அரசு குறித்திருக்கிற வழிகாட்டி மதிப்பின் மேல். எழுத்துக்கூலி எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 70 ஆயிரம் போனது. (2023-ல் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள், கூடவே வழிகாட்டி மதிப்பையும் ஏற்றினார்கள்.)

வீடு இப்படி: முன்னால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று மங்களூர் ஓடு போட்ட பழைய கட்டு. சுவர் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். பின்னால் தொண்ணூறுகளில் கட்டிய கான்கிரீட் கட்டடம், கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒன்று. வாங்கும்போது மூன்றும் சேர்த்து மாதம் 12,000 வாடகை வந்துகொண்டிருந்தது. முன்கட்டு 4,500, கீழ் 4,000, மாடி 3,500. பழைய குடித்தனக்காரர்கள் விற்பனைக்கு முன்பே காலி செய்துவிட்டார்கள். எவ்வளவு வருடமாக ஒரே வாடகையில் இருந்தார்கள் என்று கேட்டேன், யாருக்கும் ஞாபகம் இல்லை.

பழைய சொந்தக்காரர் சாவியைக் கொடுக்கும்போது சொன்ன ஒரு வார்த்தையை அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. "எங்க தாத்தா காலத்துல தெருவுலேர்ந்து மூணு படி ஏறித்தான் திண்ணை. இப்ப ஒண்ணுதான் இருக்கு." ஏதோ பழம்பெருமை என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். மற்ற இரண்டு படியும் எங்கும் போகவில்லை, ரோட்டுக்கு அடியில் இருந்தன. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்திருக்கிறது, வீடு இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. முற்றத்தின் தரை தெருவைவிட ஒன்றேகால் அடி பள்ளம்.

முதல் முறை

கும்பகோணத்தில் ஒருவர் புதுப்பித்த வீட்டைப் பார்த்து அசந்துபோய் அதே காண்ட்ராக்டரைப் பிடித்தேன். பெயர் வேண்டாம், அவர் ஏமாற்றவில்லை, நான் கேட்டதைத்தான் செய்தார். நான் கேட்டது, போட்டோவில் நன்றாக வரவேண்டும் என்பது.

கூடத்திலும் அறைகளிலும் பழைய தரைக்கு மேலேயே வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸ், 1,05,000. சுவரெல்லாம் சிமெண்ட் கலவையால் தட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட், 85,000. முற்றத்தில் மழை சாரல் வருகிறதே, கொசு வருகிறதே என்று மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினோம், 55,000. சமையல் மேடை, கப்போர்டு, பரண் 65,000. குழாய், லைட், ஃபேன் 30,000. ஆக 3 லட்சத்து 40 ஆயிரம். நடுவில் மே மாத ஊரடங்கு வந்து வேலை நின்றது, ஆடி முடிவதற்குள் முடித்தோம்.

ஆடியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், புரட்டாசியிலும் சிலர் தயங்குவார்கள். அதனால் ஆனி கடைசியில் வேலை முடிந்தால் முடிந்ததுதான், பத்து நாள் இழுத்து ஆடிக்குள் போனால் ஒரு மாத வாடகை போச்சு. வேலை நாள் கணக்கை இங்கிலீஷ் காலண்டரில் போடாமல் தினசரிக் காலண்டரைப் பார்த்துப் போடவேண்டும் என்பது முதல் வருடமே புரிந்தது.

ஆவணியில் மூன்றும் வாடகைக்குப் போய்விட்டன. முன்கட்டு 7,500, ஒரு டீச்சர் குடும்பம். கீழ் 6,000, மாடி 6,500. மாதம் 20,000. என்னைவிடக் கெட்டிக்காரன் டெல்டாவில் இல்லை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பிறந்தது. ஐப்பசி அடைமழை என்று சும்மா சொல்லவில்லை, 2021 நவம்பர் தமிழ்நாடு முழுக்கவே கொட்டித் தீர்த்த மாதம். ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு டீச்சர் போன் பண்ணினார். "சார், பாத்ரூம் ஓட்டை வழியா தண்ணி மேல வருது சார். சாக்கைச் சுருட்டி வெச்சு மேல அம்மிக் கல்லை வெச்சிருக்கோம். கல்லே ஆடுது சார்." முற்றத்துச் சலதாரை தெருச் சாக்கடைக்குப் போகிறது, தெருச் சாக்கடை நிரம்பிவிட்டது, தண்ணீர் பள்ளத்தைத் தேடி வீட்டுக்குள் வருகிறது. அதற்கு வழி காட்டிக்கொடுத்ததே நம் குழாய்தான். அந்த நேரத்தில் கும்பகோணத்திலிருந்து நான் என்ன செய்ய முடியும்? "காலையில வரேன் டீச்சர்" என்றேன். அந்தப் பதில் எவ்வளவு கேவலம் என்று சொல்லும்போதே தெரிந்தது.

காலையில் போனால் தண்ணீர் வடிந்திருந்தது, ஆனால் வேறு ஒன்று கண்ணில் பட்டது. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓதம். பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, தொட்டால் பட்டி மாவாகக் கொட்டியது. அது அன்று வந்த வெள்ளத்தால் வந்ததல்ல, மாதக்கணக்காக உள்ளே ஊறி வந்தது. மேலே ஓட்டிலிருந்து நாலு இடத்தில் ஒழுகல். பின்கட்டு மாடியில் தண்ணீர் கணுக்கால் அளவு தேங்கி, கீழ் போர்ஷன் சீலிங்கில் கம்பி துருப்பிடித்த இடம் பழுப்பாகத் தெரிந்தது.

டீச்சர் கார்த்திகை முடிவதற்குள் காலி செய்தார். அட்வான்ஸைப் பைசா குறைக்காமல் கொடுத்தேன். கீழ் போர்ஷன்காரர் பிப்ரவரி கடைசியில் போனார். மாடி மட்டும் நின்றது. முன்கட்டு ஏழு மாதம், கீழ் நாலு மாதம் பூட்டிக் கிடந்தது, அதில் மட்டும் 76,500 ரூபாய் வாடகை போனது.

மேஸ்திரி

பக்கத்துத் தெருவில் கோயில் மதில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயசான மேஸ்திரியைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். எழுபதை ஒட்டி இருக்கும். வந்தவர் அளக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். மேலே 'டக் டக்', கீழே வரவர 'பொத் பொத்'. ஓரிடத்தில் சின்ன உளியை வைத்து நெம்ப, சிமெண்ட் பூச்சு ஒரு தட்டு அளவுக்கு அப்படியே கழன்று வந்தது. அதன் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று மயிர் போல உப்பு பூத்திருந்தது. அதில் கொஞ்சம் விரலில் எடுத்து நாக்கில் வைத்துவிட்டு என்னிடமும் நீட்டினார்.

"கரிக்குதா? இது மண்ணுக்குள்ள இருக்கிற உப்பு தம்பி. தண்ணியோட ஏறி வரும். சுண்ணாம்புச் சுவரா இருந்தா தண்ணி மூச்சு விட்ட மாதிரி வெளியில போயிரும், உப்பு மேல பூத்து உதிரும், வருசத்துக்கு ஒரு தடவை வெள்ளை அடிச்சாச் சரியாப் போகும். நீங்க சிமெண்ட்டைப் பூசி வாயை அடைச்சிட்டீங்க. கீழயும் டைல்ஸைப் போட்டு அடைச்சிட்டீங்க. மேல முத்தத்தையும் மூடியாச்சு. அது எங்க போகும், சொல்லுங்க?"

இந்த மராமத்தின் மொத்தக் கல்வியும் இந்த நாலு வரிதான். காவிரி மணலும் வண்டலும் படிந்த மண் நம்முடையது, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். பழைய வீடுகளில் சுவருக்கு அடியில் இன்று போடுவது போன்ற ஓதத் தடுப்பு கிடையாது. அதற்குப் பதில் சுண்ணாம்பு, தட்டோடு (சுட்ட மண்ணாலான தட்டையான ஓடு), திறந்த முற்றம் என்று ஈரம் வந்த வழியே வெளியேற வழி வைத்திருந்தார்கள். நான் அந்த வழிகளை ஒவ்வொன்றாக, அதுவும் காசு கொடுத்து, அடைத்திருக்கிறேன். தரையை அடைத்ததால் அங்கே வெளியேற வேண்டிய ஈரமும் சுவருக்குப் போயிருக்கிறது. ஓட்டு வீட்டில் சமையலறைப் பக்கம் மட்டும் ஓதம் குறைவாக இருந்தது ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை, பிறகு பார்த்தால் காசு போதாமல் அந்த அறையில் மட்டும் டைல்ஸ் போடாமல் விட்டிருந்தோம்.

இரண்டாம் முறை

இந்த முறை வரிசையை மாற்றினேன். முதலில் மேலிருந்து வரும் தண்ணீர், பிறகு கீழிருந்து வருவது, பிறகு குழாய்க்குள் ஓடுவது, கடைசியில்தான் கண்ணுக்குத் தெரிவது.

ஓடு: மொத்தமாகப் பிரித்து மேய்ந்தோம். உத்திரமும் விட்டமும் தேக்கு, தட்டிப் பார்த்ததில் கல் மாதிரி இருந்தன. சட்டங்களில் மூன்று, கைமரத்தில் இரண்டு கரையான் அரித்திருந்தது, மாற்றினோம். ரீப்பர் முழுக்கப் புதுசு. உடைந்த ஓட்டுக்கு மாற்று புதிதாக வாங்கினால் அளவு பொருந்தாது, இடிக்கிற வீட்டில் பழைய ஓடு விற்பார்கள், குத்தாலம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து வாங்கி வந்தோம். நூறு ஓடு கூடுதலாக வாங்கி கொல்லையில் அடுக்கியது நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று, ஏனென்றால் பூனை ஓடினாலே ஓடு நகரும், தென்னை மட்டை விழுந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாம் சேர்த்து 95,000.

சுவர்: மூன்றரை அடி உயரத்துக்கு சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மேஸ்திரி "வீட்டைத் திறந்து போட்டுட்டு ஊருக்குப் போங்க" என்றார். சித்திரை முழுக்கவும் கத்திரி வெயில் முடியும்வரையும் செங்கல் அப்படியே காய்ந்தது. இது எனக்குப் பெரிய வேதனை, வாடகை வராத வீட்டில் வேலையும் நடக்காமல் ஆறு வாரம். ஆனால் ஈரச் சுவரில் எதைப் பூசினாலும் வீண் என்பதை ஒருமுறை காசு கொடுத்துக் கற்றிருந்தேன். அந்த ஆறு வாரத்தில் சுண்ணாம்பு தொட்டியில் நீற்றி ஊறியது. கடுக்காய்த் தண்ணீர் சேர்க்கவேண்டும் என்று மேஸ்திரி பிடிவாதம் பிடித்தார், அதன் பலன் என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியாது, அவர் திருப்திக்குச் சேர்த்தோம். கூடத்தில் டைல்ஸை எடுத்துவிட்டு, மணல் பரப்பி, சுண்ணாம்பில் சதுரத் தட்டோடு பதித்தோம். பெயிண்ட் கிடையாது, வெள்ளை மட்டும். கூலி அதிகம், இந்த வேலை தெரிந்த கை குறைவு. 1,10,000.

முற்றமும் சாக்கடையும்: ஷீட்டைக் கழற்றி விற்றேன், அடிமாட்டு விலைக்கு. திறப்புக்குக் கம்பி வலை. முற்றத்தின் தரையை நாலு அங்குலம் ஏற்றினோம், அதற்கு மேல் ஏற்றினால் கூடத்துக்குள் வாட்டம் (சரிவு) திரும்பும். முற்றத்து மழைத் தண்ணீர் இனித் தெருவுக்கு நேராகப் போகாது, ஒரு சின்னத் தொட்டிக்குப் போகும், தொட்டியில் மிதவை வைத்த அரை எச்.பி. மோட்டார் அதைத் தெரு மட்டத்துக்கு மேலே தூக்கி ஊற்றும். உறிஞ்சு குழி போட்டால் மோட்டாரே வேண்டாமே என்று என் மைத்துனர் சொன்னார். கோடையில் சரி, ஐப்பசியில் குழிக்குள் நிலத்தடி நீரே நிறைந்து நிற்கும், அது எதை உறிஞ்சும்? கழிவுக் குழாயில் தெருவுக்குப் போகிற இடத்தில் தண்ணீரை வெளியே மட்டும் விட்டு உள்ளே திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு, பக்கத்திலேயே கை விட்டுச் சுத்தம் பண்ண ஒரு சேம்பர். தோண்டும்போது பழைய சலதாரைக்குப் பக்கவாட்டில் பெருச்சாளி வளை ஒன்று கூடத்துச் சுவர் அடியிலேயே போய்க்கொண்டிருந்தது, அதை அடைத்ததும் இதில் சேர்ந்தது. 70,000.

பின்கட்டு மொட்டை மாடி 85,000. வாட்டமே இல்லாமல் போட்டிருந்தார்கள். பழைய ஓடுகளை எடுத்து, சீலிங்கில் உதிர்ந்த இடத்தில் கம்பியைச் சுரண்டித் துரு எடுத்துப் பூசி, மேலே செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு வாட்டம் கொடுத்து தட்டோடு பதித்தோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூசச் சொல்லுங்கள், ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும். குளியலறைக் குழாய் மாற்றியது 60,000, தரை போட்டபின் ஓட்டையை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்தோம், அடைக்கப் போனபோது பிளம்பர் முகம் கொஞ்சம் கோணியது. வயரிங் 40,000. முன்கட்டில் இன்னும் மரப்பட்டி வயரிங்தான் ஓடிக்கொண்டிருந்தது. போர்ஷனுக்கு ஒன்றாக ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். ஈரச் சுவரும் பழைய வயரும் உள்ள வீட்டில் இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், மற்ற எல்லாவற்றிலும் போவது காசுதான்.

ஆக 4 லட்சத்து 60 ஆயிரம். ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட்டார்கள். புதிய வாடகை முன்கட்டு 8,500, கீழ் 7,000, மாடி 7,500, மாதம் 23,000.

வீடு பார்க்க வந்தவர்கள் யாரும் தட்டோட்டுத் தரையைப் பார்த்து மூக்கைச் சுளிக்கவில்லை. அவர்கள் கேட்டது: தண்ணீர் எப்படி, மோட்டார் கரண்ட் யார் தலையில், வண்டி எங்கே நிறுத்துவது, துணி காயப் போட இடம் உண்டா, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தருவீர்களா. அவ்வளவுதான். டைல்ஸுக்கு நான் செலவழித்த ஒரு லட்சத்தைப் பற்றி முதல் முறையும் ஒருவரும் கேட்கவில்லை.

சோதனை சீக்கிரமே வந்தது. 2022 நவம்பர் 11 இரவு சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது, அப்படி ஒரு மழையை அந்த ஊர் நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்ததில்லை. மாயவரத்தில் அவ்வளவு இல்லை என்றாலும் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. ராத்திரி போன் வராததே எனக்குப் பயமாக இருந்தது, நானே பண்ணினேன். முன்கட்டில் இருந்த அக்கா எடுத்து, "ஒண்ணும் இல்ல தம்பி, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, நீங்க தூங்குங்க" என்றார். காலையில் பார்த்ததில் ஓட்டில் ஒரே ஒரு இடத்தில் சொட்டு. வால்வு மட்டும் முழுதாக மூடாமல் கொஞ்சம் கழிவுத் தண்ணீர் திரும்பியிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஷாம்பு பாக்கெட்டும் தலைமுடியும். அதிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை வால்வைத் திறந்து கழுவுகிறோம்.

கணக்கு

வீடு 36 லட்சம், பத்திரம் 2.7, இரண்டு மராமத்து 8, மொத்தம் 46 லட்சத்து 70 ஆயிரம். வருட வாடகை 2,76,000. வருடத்தில் ஏதாவது ஒரு போர்ஷன் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று 8,000 கழியுங்கள், சொத்து வரி, தண்ணீர் வரி 9,000, சில்லறை ரிப்பேர் 32,000. கையில் நிற்பது 2,27,000. போட்ட காசுக்கு 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆமாம், பேங்கில் ஃபிக்ஸட் போட்டிருந்தால் இதைவிடக் கூட வந்திருக்கும். மண் விலை ஏறும் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் அது விற்கும்போதுதான் தெரியும், இப்போதே அதைக் கணக்கில் எழுதக் கூடாது.

வாங்கிய காசையும் மராமத்துக் காசையும் தனித்தனியாகப் பாருங்கள். வாடகை 12,000-லிருந்து 23,000 ஆனது, வருடத்துக்கு 1,32,000 கூடுதல். மராமத்துக்குப் போன 8 லட்சத்தின் மேல் இது 16.5 சதவீதம். முதல் முறைச் செலவில் ஷீட் 55,000, கூடத்து டைல்ஸ் பங்கு 60,000, உரிந்துபோன பெயிண்ட், பட்டி 75,000, ஆக 1.9 லட்சம் குப்பைக்குப் போனது. அதைத் தவிர்த்து 6.1 லட்சத்தில் முடித்திருந்தால் 21 சதவீதத்துக்கு மேல். காலியாகக் கிடந்த மாதங்களின் 76,500 இதில் சேரவே இல்லை. அதாவது பழைய வீடு வாங்குவதில் எனக்குப் பெரிய லாபம் இல்லை, அதைச் சரியாக மராமத்து பார்ப்பதில்தான் இருக்கிறது. கையில் ஏற்கெனவே பூர்வீக வீடு வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். அவர்களுக்கு 36 லட்சம் செலவே இல்லை.

வருமான வரியில் வாடகையிலிருந்து சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பொதுவாகக் கழித்துக்கொள்ளலாம், ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும் அதே 30தான். 2022-ல் நான் செலவழித்த 4.6 லட்சத்துக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டை மேம்படுத்திய செலவு விற்கும்போது லாபக் கணக்கில் உதவும், அதனால் பில்லை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மேஸ்திரி பில் கொடுக்க மாட்டார், வங்கி வழியாக அனுப்பினேன்.

குடியிருப்பவர்கள்

தூரத்தில் இருக்கும் வீட்டுக்காரனுக்கு எதிரி, சொல்லாமல் இருக்கிற குடித்தனக்காரர். மாடியில் இருந்தவர் வீட்டில் ஃப்ளஷ் டேங்க் மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது, சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "சொன்னா வாடகை ஏத்திருவீங்களோன்னு." அந்தத் தண்ணீர் கீழ் போர்ஷன் சுவரில் இறங்கி எனக்கு 6,000 வைத்தது. அதன் பிறகு ஒரு ஏற்பாடு: 500 ரூபாய்க்குள் என்ன ரிப்பேர் வந்தாலும் என்னைக் கேட்க வேண்டாம், ஆளை வைத்துச் செய்துவிட்டு போட்டோ அனுப்பிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். சட்டப்படி பார்த்தால் குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு, சுவர், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. 2017-ஆம் வருட வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இது இருக்கிறது, 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் உள்ளது. ஆனால் 40 ரூபாய் வாஷருக்குச் சட்டம் பேசினால் 6,000 ரூபாய்ச் சுவர் நம்முடையதுதானே. ஒருவரும் இதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை, வருடத்துக்கு மூன்று போர்ஷனும் சேர்த்து நாலாயிரம் தாண்டியதில்லை.

அதே சட்டத்தில் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. ஊரில் இன்னும் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். நான் மூன்றுதான் வாங்குகிறேன், காலி செய்யும்போது கொடுக்க வேண்டிய காசு மூன்று மாதம் என்றால் எனக்கும் தூக்கம் வருகிறது.

பொது மோட்டார் கரண்ட்டில் முதலில் சண்டை வந்தது. முற்றத்து மோட்டாருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சின்ன மீட்டர் வைத்து, வந்த யூனிட்டை மூன்றாகப் பிரித்தோம். மாடிக்காரர், "மழைத் தண்ணியை இறைக்கிறதுக்கு நான் ஏன் கொடுக்கணும், எனக்கு மேலதானே வீடு" என்றார். நியாயம்தான். முற்றத்து மோட்டாரை நான் எடுத்துக்கொண்டேன், மழைக்காலத்திலேயே சில நூறு ரூபாய்.

இப்போது வருடத்துக்கு நாலு முறை போகிறேன். சித்திரையில் மொட்டை மாடி, கூரை ஓடு பார்க்க. புரட்டாசி கடைசியில், துலா முழுக்குக்குக் காவிரியில் கூட்டம் சேர்வதற்கு முன்பே, வால்வு, சேம்பர், மிதவை மோட்டார், கூரைத் தண்ணீர் இறங்கும் தகர வாய்க்காலில் அடைத்த இலை. கார்த்திகையில் மழைக்கு நடுவே ஒருமுறை, ஈரச் சுவரைக் கையால் தொட்டுப் பார்க்க. தையில் வெள்ளை அடிக்க. கூடத்துச் சுவரின் கீழ்ப்பகுதியில் உப்பு இன்னும் மெலிதாகப் பூக்கத்தான் செய்கிறது, துடைப்பத்தால் தட்டிவிட்டு மேலே ஒரு கை அடித்தால் அடுத்த தை வரை தாங்குகிறது. மேஸ்திரி சொன்னது போலவே, வருடம் 3,000 ரூபாய் வேலை.

போன புரட்டாசியில் போனபோது தெரு முனையில் ஜல்லி கொட்டியிருந்தார்கள், ரோடு போடப் போகிறார்களாம். பழையதைச் சுரண்டிவிட்டுப் போடுவார்களா, மேலேயே போடுவார்களா என்று அங்கே நின்றவர்களிடம் கேட்டேன், சிரித்தார்கள். திண்ணைச் சுவரில் அரை எச்.பி. மோட்டார் தூக்கி ஊற்றும் உயரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்குத் தெருவுக்கும் கோட்டுக்கும் நடுவே 11 அங்குலம் இருந்தது.